சூட்டுக் கொப்புளம்

மே 4, சனி

கத்திரி வெயில் இன்றைக்குத்தான் ஆரம்பம் என்று பேப்பரில் போட்டிருக்கிறான். கோயம்புத்தூரில் ஒரு மாதமாகவே கத்திரிதான். காலையிலிருந்து நான்கு பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். நான்காவதாக வந்த வங்கி மேலாளர் மனைவி, கிளட்ச்சை மிதிக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிறார். சிங்காநல்லூர் சிக்னலில் என் காலடியில் இருக்கிற பிரேக்கை நான் மிதிக்காமல் இருந்திருந்தால் ஒரு இளநீர் வண்டி காலி.

இந்த வெயில் சும்மா விடுமா? நேற்று உதட்டோரம் குறுகுறுவென்று இருந்தது. இன்றைக்குக் கொத்தாகக் கொப்புளம். வருஷா வருஷம் கத்திரிக்கு வந்துவிட்டுப் போகிற விருந்தாளி. எனக்குச் சூட்டு உடம்பு. சின்ன வயதில் அம்மா நாமக்கட்டியை இழைத்துப் பூசிவிடுவாள். நானும் அதையே பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜெனி பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னடி இது, உதட்டுக்கு நாமம் போட்டிருக்க?"

"சூட்டுக் கொப்புளம் புள்ள. உனக்கென்ன, மைதானத்துலயே பொறந்து வளந்தவ. உனக்கெல்லாம் ஒண்ணும் வராது."

ஜெனி என்கிற ஜெனோவா ஒரு பெண்கள் பள்ளியில் வாலிபால் கோச். திண்டுக்கல்காரி. நான்கு வருஷமாக இந்த மாடி போர்ஷனில் ஒன்றாக இருக்கிறோம். கீழே இருக்கிற ஓனரம்மாவிடம் சித்தி, பெரியம்மா மக்கள் என்று சொல்லி வைத்திருக்கிறோம். ஒருத்தி கழுத்தில் சிலுவை, இன்னொருத்தி நெற்றியில் திருநீறு, இது எந்த ஊர்ச் சித்தி என்று அந்தம்மா கேட்டதில்லை. நல்ல மனுஷி.

செவ்வாய்க்கிழமை ஜெனி சேலத்துக்குக் கோடை முகாமுக்குப் போகிறாள். இரண்டு வாரம். அங்கே வைதேகியும் கோச்சாக வருகிறாளாம். ஜெனியோடு ஒரே அணியில் ஆடியவள், எனக்கு முன்னால் ஜெனியின் வாழ்க்கையில் இருந்தவள். இப்போது கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. இதில் எனக்கு ஒன்றும் இல்லை.

மே 6, திங்கள்

கொப்புளம் உடைந்து நீர் கசிகிறது. வாயைத் திறந்து கொட்டாவி விட முடியவில்லை.

நேற்று மத்தியானம் கரண்ட் போனது. தரையில் பாயை விரித்து, ஈரத் துணியால் ஜன்னலை மறைத்துப் படுத்திருந்தோம். உதடு எரிகிறது, வாயில் முத்தம் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். உதடும் உதடும் படாமல் பார்த்துக்கொண்டோம், அந்த ஒரு கட்டுப்பாடுதான். மற்றபடி இரண்டு வாரத்துக்கும் சேர்த்து அவளை நன்றாகவே வழியனுப்பி வைத்தேன். இதற்கு மேல் எழுதினால் டைரிக்கே வெட்கம் வந்துவிடும்.

மே 7, செவ்வாய்

காலை ரயிலில் போய்விட்டாள். வீடு அநியாயத்துக்குப் பெரிதாக இருக்கிறது.

மே 10, வெள்ளி

போன் பண்ணினாள். பிள்ளைகள் நன்றாக ஆடுகிறார்களாம், சாப்பாட்டில்தான் காரம் இல்லையாம். வைதேகி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "நல்லா இருக்கா, கொஞ்சம் குண்டாயிட்டா" என்றாள். குண்டாகிவிட்டாள் என்பதை ஏன் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள் என்று தெரியவில்லை. உதட்டில் பொருக்கு உதிர்ந்துவிட்டது.

மே 12, ஞாயிறு

ஜெனிக்குக் காய்ச்சல். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதாம். யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றேன். வைதேகி கஞ்சி வைத்துக் கொடுத்தாளாம்.

நான் பொறாமைக்காரி இல்லை. நான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் போனை எடுத்துப் பார்த்ததில்லை. அவளுடைய பாஸ்வேர்டு தெரிந்திருந்தும் பார்த்ததில்லை.

மே 14, செவ்வாய்

முகாம் முடிவதற்கு முன்பே வந்துவிட்டாள். ஆட்டோவிலிருந்து இறங்கிக் காலை அகட்டி அகட்டி நடந்து வந்தாள். மாடிப்படி ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பாத்ரூமுக்குள் போனவள் வெகுநேரம் வரவில்லை. உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. வாலிபால் கோர்ட்டில் விழுந்து மணிக்கட்டு முறிந்தபோதுகூட அழாதவள்.

"ஒண்ணுக்குப் போக முடியலடி. நெருப்பாட்டம் எரியுது. அங்க பூராம் புண்ணா இருக்கு."

குவளையில் தண்ணீர் மொண்டு மேலே ஊற்றிக்கொண்டே போகச் சொன்னேன், கொஞ்சம் தேவலை என்றாள். இளநீர் வாங்கிவந்து கொடுத்தேன். அவளுக்கும் சூடுதான் என்று முதலில் நினைத்தேன். கையில் டார்ச்சை வைத்துக்கொண்டு பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

மே 15, புதன்

பக்கத்து நர்சிங்ஹோமுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் அவளுடைய அக்கா என்று சொல்லிக் கூடவே உள்ளே போய் உட்கார்ந்தேன். டாக்டரம்மா பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார், ரொம்ப நேரம் கழுவினார்.

"கல்யாணம் ஆச்சா?"

"இல்ல டாக்டர்" என்றாள் ஜெனி.

"அப்ப இது எப்படி வந்துச்சு?"

ஜெனி தரையைப் பார்த்தாள். நானும் தரையைப் பார்த்தேன்.

"ஹெர்பிஸ் மாதிரி தெரியுது. தப்பான சகவாசத்துல வர்றது. ஒருத்தர்கூட ஒழுங்கா இருந்தா இதெல்லாம் வராது. யார்கூடப் பழகினீங்களோ அவங்களையே போய்க் கேளுங்க."

புண்ணிலிருந்து நீரைத் தொட்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழி முழுக்க ஜெனி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச அவளிடம் என்ன இருந்திருக்கும்? நானும் ஒன்றும் கேட்கவில்லை. ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டேன்.

மே 16, வியாழன்

கேட்டுவிட்டேன்.

"முகாம்ல எங்க படுத்த?"

"கோச்சுங்க ஆறு பேரும் ஒரே ஹால்லதான் படுத்தோம்."

"வைதேகியுமா?"

"வைதேகியுந்தான். ஏன்?"

"ஏன்னு உனக்குத் தெரியும்."

அவள் தலையணையிலிருந்து எழுந்து உட்காரப் பார்த்தாள், வலியில் முடியவில்லை. படுத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"உடம்பெல்லாம் எரிஞ்சுக்கிட்டுக் கெடக்கேன். நீ போலீஸ் விசாரணை வைக்கியா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல புள்ள. நான் சுத்தம். நாலு வருஷமா நான் வேற யாரையும் தொடல. அப்ப இது எங்கிருந்து வந்துச்சு? வானத்துலயிருந்து குதிச்சுச்சா? நீ சொல்லித்தான் ஆவோணும்."

"எனக்குத் தெரியல தமா. சத்தியமாத் தெரியல."

தெரியவில்லை என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். வண்டியைச் சுவரில் இடித்துவிட்டு, எப்படி இடித்தது என்றே தெரியவில்லை மேடம் என்று என்னிடம் தினமும் யாராவது சொல்கிறார்கள். இதையும் அவளிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

மே 17, வெள்ளி

மத்தியானம் பரிசோதனை முடிவு என் போனுக்கு வந்தது. ஹெர்பிஸ்தான், உறுதி. வேலை முடிந்து வந்து சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். வந்தபோது ஜெனி இல்லை. திண்டுக்கல்லில் அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மாத்திரையை எடுத்துப் போயிருக்கிறாள், அதுவரை நல்லது. போனில் சொன்னேன். "சரி" என்று மட்டும் சொன்னாள்.

மே 18, சனி

வகுப்பு ஐந்து. ஒருவரும் உருப்படியாக ஓட்டவில்லை.

மே 20, திங்கள்

எனக்கு ஒன்றும் இல்லை என்று ஒரு டாக்டர் வாயால் சொல்லிக் கேட்க வேண்டும். அதை அப்படியே ஜெனி முகத்துக்கு நேரே வைக்க வேண்டும். இதற்காகத்தான் போனேன், வேறு எதற்கும் இல்லை. ஆர்.எஸ்.புரத்தில் தோல், பால்வினை நோய் டாக்டர். நசீமா என்று பெயர். ஐம்பது வயதிருக்கும், ஏசி குளிருக்கு ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

எல்லாம் கேட்டுவிட்டு, "உங்க பார்ட்னர் ஆணா, பெண்ணா?" என்றார். காபியா, டீயா என்று கேட்கிற மாதிரி கேட்டார். என் முப்பத்து மூன்று வருஷத்தில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"பொண்ணுங்க" என்றேன்.

"சரி. அவங்க ரிசல்ட் இருக்கா?"

போனில் இருந்ததைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். முகத்தை இல்லை, வாயை.

"உதட்டோரத்துல லேசா தடம் இருக்கே, என்னது?"

"அதுங்களா? சூட்டுக் கொப்புளம். கத்திரிக்கு வருஷா வருஷம் வரும்ங்க டாக்டர்."

"வர்றதுக்கு முதல் நாள் அந்த இடத்துல குறுகுறுங்குமா?"

"ஆமாங்க."

"எப்பலேர்ந்து வருது?"

"பள்ளிக்கூடம் போறப்பலேர்ந்து."

"இந்தத் தடவை வந்தப்ப அவங்களோட இருந்தீங்களா? வாயால?"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமைத் தேதியைச் சொன்னேன். டாக்டர் ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"இதுல ரெண்டு வகை இருக்கு. அவங்களுக்கு வந்திருக்கிறது முதல் வகை. பெரும்பாலும் உதட்டுல வர்றது அதுதான். சின்ன வயசுல யாராவது ஆசையா முத்தம் குடுத்திருப்பாங்க, அப்படியே ஒட்டியிருக்கும். நம்ம ஊர்ல ரொம்பப் பேருக்கு இருக்கு, பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. நரம்புக்குள்ள போய்ப் படுத்துக்கும். வெயில், காய்ச்சல், அலைச்சல்னா மேல வரும். வாய்ல இருக்கிறது வாய்லயேதான் இருக்கும்னு இல்ல, படற இடத்துக்குப் போகும்."

"டாக்டர், அது சூடுங்க" என்றேன். என் குரல் எனக்கே சின்னப் பிள்ளைக் குரல் மாதிரி கேட்டது.

"வெயில் எழுப்பிவிடும், அவ்வளவுதான். எழுந்திரிக்கிறது கிருமி."

பொண்ணுக்கும் பொண்ணுக்கும் நடுவில் இதெல்லாம் வராது என்று நினைத்திருந்தேன் என்றேன். இதெல்லாம் ஆம்பளை கொண்டுவருகிற சமாச்சாரம் என்றுதானே எல்லா போஸ்டரிலும் படம் போட்டு வைத்திருக்கிறார்கள். டாக்டர் தலையை ஆட்டினார், நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்றார். தோலும் தோலும் உரசினாலே போதுமாம். புண் இருக்கும்போதும் குறுகுறுக்கும்போதும் ஆபத்து அதிகம், அப்போது பக்கத்திலேயே போகக் கூடாது, பொருக்கு உதிர்ந்து தோல் முழுசாக ஆறும் வரை. ஒன்றுமே இல்லாத நாளிலும் சில சமயம் ஒட்டலாம். அதற்குத் தடுப்பு இருக்கிறது, முழுத் தடுப்பு இல்லை என்றாலும் குறைக்கும்.

"வெளிநாட்டுல இதுக்குன்னே ஒரு ரப்பர் ஷீட் விக்கிறாங்க. இங்க கெடைக்காது. காண்டம் வாங்கி நுனியையும் வளையத்தையும் வெட்டிட்டு, நீளவாக்குல ஒரு வெட்டு வெட்டுங்க. விரிச்சா ஷீட் மாதிரி வரும். நடுவுல வெச்சுக்கலாம். ஒரு பக்கத்தையே உபயோகிங்க, திருப்பிப் போடாதீங்க. தேங்காயெண்ணெய், வாசலின் படக்கூடாது, கிழிஞ்சிடும். கைக்குப் பவுடர் இல்லாத கிளவுஸ். ஏதாவது பொருள் உபயோகிச்சா அதுக்கும் காண்டம், ஆள் மாறினா காண்டமும் மாறணும். புண்ணைத் தொட்டா கையைக் கழுவணும், அந்தக் கையோட கண்ணைத் தொடவே கூடாது."

நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு அவர் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது.

"உங்களுக்குள்ள ஒரு நல்ல விஷயம் என்னன்னா, உங்ககிட்ட ஏற்கெனவே அதே வகை இருக்கு. அதனால அவங்ககிட்டேர்ந்து உங்களுக்கு இது திரும்பி வர வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி. அவங்க பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க. இந்த வகை கீழ வந்தா அடிக்கடி திரும்பி வராது, அதையும் சொல்லுங்க. முதல் தடவைதான் இப்படிப் போட்டு வாட்டும்."

"என்னாலதான்னு உறுதிங்களா டாக்டர்?"

"நூத்துக்கு நூறு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா நீங்க சொல்ற தேதிய வெச்சுப் பாத்தா வேற காரணம் தேட வேண்டியதில்ல."

மே 21, செவ்வாய்

நூற்றுக்கு நூறு என்று டாக்டர் சொல்லவில்லை. எழுதி வைக்கிறேன்.

மே 22, புதன்

ஜெனியிடம் பேசப் போனை எடுத்தேன். அதற்குள் அவளே கூப்பிட்டாள். அழுதாள். புண் காய்ந்துகொண்டிருக்கிறது, காய்ச்சல் இல்லை. ராத்திரி பகலாக யோசித்தாளாம். இந்தக் கிருமி வருஷக் கணக்கில் வெளியே தெரியாமல் உள்ளேயே இருக்கலாம் என்று எதிலோ படித்தாளாம். அப்படியென்றால் அது வைதேகியோடு இருந்த காலத்தில் வந்திருக்க வேண்டும், வேறு வழியே இல்லை என்று முடிவுக்கு வந்துவிட்டாள்.

"அவகிட்டக் கேட்டுட்டேன்டி. போன் போட்டு, உனக்கு இப்படி இருக்கான்னு கேட்டேன். அவ ஆடிப்போயிட்டா. அவ வீட்டுக்காரர் பக்கத்துல இருந்திருக்காரு போல, ராங் நம்பர்னு சொல்லி வச்சுட்டா. நீ கேட்டது நியாயந்தான் தமா. நான்தான் இதக் கொண்டாந்திருக்கேன். உனக்கு வந்துருச்சான்னு நெனச்சுத் தூக்கமே வரல. என்னய மன்னிச்சிரு."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன்.

"வீட்டுக்கு வா புள்ள, பேசிக்கலாம்" என்றேன்.

போனில் சொல்கிற விஷயமா அது? நேரில் சொல்வதுதான் முறை.

மே 23, வியாழன்

வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள். நான் வைத்த மட்டன் குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். சாப்பிடும்போது சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மே 24, வெள்ளி

ஹாலில் பாயைப் போட்டுக்கொண்டு படுக்கிறாள். தனி டம்ளர், தனி சோப்பு, தனித் துண்டு. அவள் துணியை வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைக்கிறாள். டாய்லெட்டுக்குப் போய்வந்தால் டெட்டால் ஊற்றிக் கழுவுகிறாள், வீடே ஆஸ்பத்திரி மாதிரி மணக்கிறது.

"டம்ளர்ல துணியிலயெல்லாம் ஒட்டாது ஜெனி. நான் டாக்டர்கிட்டப் போய்க் கேட்டுட்டு வந்தேன்."

"நீ போனியா? எனக்காகவா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் கண் கலங்கிவிட்டது. என்னைக் கட்டிக்கொள்ள வந்தவள் பாதியில் நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். இவள் என்னிடம் இவ்வளவு பணிவாக இருந்ததே இல்லை. சண்டைக்காரி. அந்த ஜெனி எங்கே போனாள்?

சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது, நிதானமாகச் சொல்லலாம்.

மே 26, ஞாயிறு

மெடிக்கல் ஷாப்புக்குப் போய் காண்டம் கேட்டேன். டிரைவிங் ஸ்கூல் சட்டையோடு போனது தப்பு. கடைக்காரர் என் சட்டையில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் கருப்புக் கவரில் போட்டுக் கொடுத்தார், முகத்தில் அப்படி ஒரு அக்கறை. கிளவுஸும் கேட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

சமையலறையில் உட்கார்ந்து கத்தரியால் வெட்டிக் காட்டினேன். முதல் மூன்று கோணல்மாணலாகப் போயின. நான்காவது சரியாக வந்தது. ஜெனி எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தாள், ஸ்கூல் கிராஃப்ட் பீரியடா என்றாள். டாக்டர் சொன்னதையெல்லாம் வரிசையாகச் சொன்னேன், குறுகுறுப்பு, பொருக்கு, கை கழுவுவது, எண்ணெய் படக் கூடாது எல்லாம். ஒன்றைத் தவிர.

"இதுவும் முழுசா தடுக்காதுங்கிறல்ல?" என்று கேட்டாள்.

"ஆமா, கொறைக்கும்."

"அப்ப வேணாம் தமா. உனக்கு ஒரு புண்ணு வந்தாலும் என்னால தாங்க முடியாது. நீ சுத்தமா இருக்க, அப்படியே இரு."

சுத்தமாக இருக்கிறேனாம். நான் சொன்ன அதே வார்த்தை. எனக்குத் திரும்பி வராது என்று ஒரு வரி சொன்னால் இவள் நிம்மதியாக மூச்சு விடுவாள். ஏன் வராது என்று அடுத்த கேள்வி கேட்பாள். வெட்டின ரப்பரையெல்லாம் பேப்பரில் சுருட்டிக் குப்பையில் போட்டேன்.

மே 28, செவ்வாய்

கத்திரி முடிந்ததாம். வெயில் குறையவில்லை. வங்கி மேலாளர் மனைவி இன்றைக்குக் கண்ணைத் திறந்துகொண்டு ஓட்டினார்.

மே 30, வியாழன்

இன்றைக்கும் சொல்லவில்லை. காரணம் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். அவளுக்கு இப்போதுதான் உடம்பு தேறுகிறது, அதிர்ச்சி வேண்டாம் என்று எழுதினேன். அடித்துவிட்டேன். உண்மையை எழுதுகிறேன். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள், நான் மன்னித்தவளாக இருக்கிறேன். அந்த இடம் எனக்குப் பிடித்திருக்கிறது. இறங்க மனம் வரவில்லை. தூ.

ஜூன் 1, சனி

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது ஜெனி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் கோச் வேலைக்குப் பேசிவிட்டாளாம். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டுமாம்.

"யாரக் கேட்டுப் போற?"

"உன் பக்கத்துல நாள் பூரா பயந்து பயந்து இருக்க முடியலடி. தொட்டாப் பயம், தொடாட்டி ஏக்கம். இது சாகுற வரைக்கும் என் ஒடம்புக்குள்ளயே இருக்கும்ல? அப்ப நாந்தான் தள்ளிப் போகணும். நீ நல்ல மனசு, நான் திரும்பி வந்ததுலேர்ந்து ஒரு வார்த்த திட்டல. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு."

சொன்னால் கோபத்தில் போவாள். சொல்லாவிட்டால் குற்ற உணர்ச்சியில் போகிறாள். எப்படியும் பெட்டி கட்டியாகிவிட்டது. என் கால் தன்னாலே தரையை அழுத்தியது, அங்கே பிரேக் இல்லை.

"உன்னால இல்ல" என்றேன். "என்னால. என்ற உதட்டுல வந்ததுதான் உனக்கு வந்திருக்கு. சூட்டுக் கொப்புளம்னு நான் சொல்லிட்டிருந்தது இதேதான். சேலத்துக்கு நீ போறதுக்கு முந்தி, அந்த ஞாயித்துக்கிழமை. வைதேகிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. உன்கிட்டயிருந்து எனக்குத் திரும்பி வர வாய்ப்பும் ரொம்ப ரொம்பக் கம்மி. டாக்டர் சொன்னாரு."

ஜெனி கையில் இருந்த சுடிதாரை மடித்தாள். மறுபடி பிரித்து மடித்தாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"டாக்டர் எப்பச் சொன்னாரு?"

இதைக் கேட்பாள் என்று நான் நினைக்கவே இல்லை.

"நீ அக்கா வீட்டுல இருந்தப்ப."

"நான் போன் போட்டு அழுதேனே, அதுக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்தி."

அவள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "கொப்புளம் வந்தது உன் தப்பில்ல தமா. உனக்கே தெரியாது, எனக்கும் தெரியாது. யாரோ உனக்குக் குடுத்தாங்க, உனக்கும் சின்ன வயசு. அதுக்கு நான் உன்னய ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்" என்றாள். பிறகு வேறு குரலில் சொன்னாள். "ஆனா தெரிஞ்சதுக்கப்புறம் நான் துணிய வேக வச்சுக்கிட்டுக் கெடந்ததப் பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தியே. என்னயப் பாத்தா உனக்குப் பாவமா இல்லியா?"

"இருந்துச்சு."

"இருந்துமா?"

சாயங்காலம் வரை அவள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 2, ஞாயிறு

காலையில் காபி கொண்டுபோய் வைத்தேன். குடித்தாள். குடித்துவிட்டு என் போனை எடுத்து ஒரு நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து என் முன்னால் நீட்டினாள்.

"வைதேகி. அவ வீட்டுக்காரரு ஞாயித்துக்கெழம காலைல கறிக்கடைக்குப் போயிருவாரு. நீ பேசு. நான் பேச மாட்டேன்."

"நான் என்னன்னு பேசறது?"

"என்கிட்டச் சொன்னதத்தான்."

அதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். யாருங்க என்று ஒரு மெல்லிய குரல். நான்கு வருஷமாக மனசுக்குள் நான் வேறு ஒரு குரலை அவளுக்குக் கொடுத்து வைத்திருந்தேன். இது களைத்துப்போன குரலாக இருந்தது.

"நான் தமயந்திங்க. ஜெனிகூட இருக்கிறவ."

மூச்சுச் சத்தம் கேட்டது. வைத்துவிடுவாளோ என்று அவசர அவசரமாகச் சொன்னேன். "ஜெனிக்கு வந்தது உங்களாலன்னு அவ நெனச்சுட்டா. அது தப்புங்க. அது என்கிட்டயிருந்து போனது. டாக்டர்கிட்டக் கேட்டாச்சு. உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. முன்னாடியே சொல்லியிருக்கோணும். சொல்லாம விட்டது என்ற தப்பு. மன்னிச்சுக்கோங்க."

குக்கர் விசில் ஒன்று அந்தப் பக்கம் அடித்து நின்றது.

"நெஜமாங்களா?" என்றாள் வைதேகி.

"நெஜம்ங்க."

"அன்னைக்கு ஜெனி கேட்டதுலேர்ந்து நான் டெஸ்ட் எடுக்கலாம்னு நெனப்பேன், அப்புறம் பயந்துக்குவேன். இந்த ஊர்ல எல்லா லேப்லயும் எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. பாப்பாவுக்கு ஒண்ணரை வயசுங்க. ஒட்டிக்குமோன்னு அவளை நான் கிட்டவே சேத்துக்கலைங்க. அம்மா அம்மான்னு கன்னத்தக் காட்டிக்கிட்டு வருவா. முத்தம் குடுக்காம மூஞ்சியத் திருப்பிக்குவேன். இப்பல்லாம் அவ கேக்கறதே இல்ல." அவள் குரல் உடைந்தது. "இப்பக் குடுக்கலாமுங்களா?"

என்னிடம் கேட்கிறாள். என்னைப் போய்க் கேட்கிறாள்.

"குடுங்க" என்றேன். "உதட்டுல புண்ணு எதுவும் இல்லாதப்பத் தாராளமாக் குடுங்க. இப்பவே குடுங்க."

போனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது, அணைக்கவில்லை. தூரத்தில் பாப்பா என்று கூப்பிட்டாள். வளையல் சத்தம். பிறகு ஒரு குழந்தை கூச்சம் தாங்காமல் கெக்கெக்கே என்று சிரித்தது, நிறுத்தாமல் சிரித்தது. நானும் ஜெனியும் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். நான்தான் முதலில் அழுதேன். ஜெனி கையை நீட்டிப் போனை அணைத்தாள்.

மத்தியானம் அவள் நாகர்கோவிலுக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொன்னாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"ரொம்பச் சந்தோஷப்படாத" என்றாள். "எனக்கு இன்னும் கோவம் தீரல. தீர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன். ஒன் கூடவே இருந்து ஒன்னயக் கோவிச்சுக்குவேன்."

சரி என்றேன்.